டாங்கி பூட்டிய அமீர் ஜான்

பழவேற்காட்டில் மெக்கானிக் என்றால் அமீர் ஜான்தான். வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். அதை அவன் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. இறால் ஏற்றிய வேன் பொன்னேரி ரோட்டில் மூச்சை விட்டாலும், பள்ளிவாசல் மைக்செட் ஊமையாகிப் போனாலும், ஐஸ் உடைக்கிற மெஷின் பல் போய் நின்றாலும் அவனுக்குத்தான் ஆள் போகும். வருவான். வந்து பார்ப்பான். பார்ப்பான் என்றால் பார்த்துக்கொண்டே இருப்பான், கை வைக்கமாட்டான். வண்டிக்காரன் பொறுமை போய், "இன்னா பாய், வண்டியைப் பொண்ணு பாக்க வந்தியா?" என்று கத்திய பிறகுதான் ஸ்பேனரை எடுப்பான். எடுத்தால் வேலை முடிந்துவிடும்.

கையில் தொழில் இருந்தது, குணத்திலும் பெரிய குறை இல்லை. ஒரே குறை, ஊரில் இருந்தான். எழுபதுகளின் கடைசி அது. துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போகாமல் ஒரு முஸ்லிம் வீட்டு ஆம்பிளை பழவேற்காட்டில் நடமாடினால், உடம்புக்கு என்னவோ என்று விசாரிக்கத் தொடங்கியிருந்த காலம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் மெக்கானிக் என்று பாஸ்போர்ட்டில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினான். உண்மையான மெக்கானிக் ஐஸ் மெஷினுக்குப் பல் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் குடியிருந்தது அண்ணன் முகைதீன் வீட்டில், ஓர் அறை. அடுப்பு பொது. அண்ணி சமைத்து முடித்து, அடுப்படியைக் கழுவிவிட்டு, "ம்" என்று சொன்ன பிறகுதான் அமீர் ஜானின் மனைவி ரோஷன் பீவி உலை வைக்கவேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கதை. ரோஷன் பீவி நகை கேட்டவள் இல்லை, பட்டுச் சேலை கேட்டவள் இல்லை. தனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும், அதைச் சுற்றி நாலு சுவர் வேண்டும், அவ்வளவுதான். "எனக்குப் பசிக்கிற நேரத்துக்கு நான் சோறாக்கணும்ங்க" என்பாள். இதைவிடச் சின்ன ஆசையை ஒரு மனுஷி ஆசைப்பட முடியாது. அதற்கும் துபாய் போனால்தான் வழி என்று இருந்தது.

துபாய்க்கு வழி காசிம் மரைக்காயர். பாட்டன் காலத்தில் மலாக்காவுக்குக் கப்பல் விட்ட குடும்பம். கப்பல் போய்விட்டது, குரல் மட்டும் கப்பல்காரர் குரலாகவே இருந்தது. மரைக்காயர் ஏரி இறாலை வாங்கி மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்புவார். அவருடைய தம்பி துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் பெரிய ஆள். வருஷத்துக்கு ஒரு விசா, சில வருஷம் இரண்டு, அண்ணன் பேருக்கு வரும். அவர் யாரைக் கை காட்டுகிறாரோ அவன் போவான். அதனால் தொழுகை முடிந்து மரைக்காயர் செருப்பு மாட்டும்போது அந்தச் செருப்பை எடுத்து வைக்க ஊரில் போட்டி இருந்தது. அமீர் ஜான் அந்தப் போட்டியில் சேரவில்லை. என் கைத்தொழில் அவர் கண்ணில் ஒருநாள் படும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

பட்டது. மரைக்காயரின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். சிங்கப்பூரிலிருந்து அவருடைய மச்சான் ஓர் அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தார். தூக்குகிற ஆளுக்கு முன்னால் வழி தெரியாத அளவுக்குப் பெரிய பெட்டி. மேலே படம்: ஒரு ராணுவ டாங்கி சேற்று மேட்டில் ஏறுகிறது, பின்னால் புகை. ஒயர் எதுவும் இல்லாமல், கையில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றே ஓட்டலாமாம். ஐம்பது வயதைத் தாண்டிய மரைக்காயர் அன்று பெட்டியைப் பிரித்த வேகத்தை அவர் பிள்ளைகளே பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்தால் டாங்கி இல்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்த துண்டுகள், துண்டுகள், மேலும் துண்டுகள். மீன் கேட்டவருக்கு முள்ளை மட்டும் கட்டிக் கொடுத்தாற்போல முகம் சுருங்கிப்போயிற்று.

அமீர் ஜானுக்கு ஆள் வந்தது.

"இதைப் பூட்டிக் குடுத்துடுவியாடா?"

அமீர் ஜான் பார்த்தான். வழக்கம்போலப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாயைத் தொறந்து சொல்லேண்டா. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைக்கு முன்னால இது தெருவுல போவணும். ஊரு மூக்கு மேல விரலை வைக்கணும். நீ இதைச் செஞ்சி குடு, அடுத்து வர்ற விசா உனக்குத்தான்."

"பூட்டிடலாம் மொதலாளி" என்றான் அமீர் ஜான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ரோஷன் பீவி கதவருகிலேயே நின்றிருந்தாள். விஷயம் பெட்டிக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

உள்ளே இருந்த தாளில் எல்லாம் படம். எழுத்து ஜப்பான்காரன் எழுத்து. படத்துக்குப் படம் எண் போட்டிருந்தான். ஒன்றில் பிடித்து அப்படியே போனால் கடைசியில் டாங்கி வந்து நிற்கும். வேறு எவனும் அப்படித்தான் போயிருப்பான். அமீர் ஜான் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பார்த்தான். அவனுக்கென்று ஒரு கணக்கு உண்டு. எது முதலில் கெடுமோ அது கடைசியாக ஏறவேண்டும். ஒரு சின்ன வாஷரை மாற்ற இறால் வேனின் எஞ்சினையே இறக்கவேண்டி வந்த எரிச்சலில் அவன் கற்றுக்கொண்ட கணக்கு அது. அந்த வண்டியைப் பூட்டியவன் தன் கைக்கு வந்த வரிசையில் பூட்டிவிட்டுப் போய்விட்டான். பிற்பாடு அதைக் கழற்றப்போகிறவனை நினைத்துப் பார்க்கவில்லை.

இந்த டாங்கியில் முதலில் கெடப்போவது எது? ஜப்பான்காரன் வீட்டில் தரை கண்ணாடி மாதிரி இருக்கும் போலிருக்கிறது. பழவேற்காட்டுத் தெரு மணல். சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற செயின் மணலை வாரும், மணல் அச்சு வழியாக உள்ளே போய்ப் பல்சக்கரப் பெட்டியில்தான் உட்காரும். தாளிலோ பல்சக்கரப் பெட்டியை ஆரம்பத்திலேயே அடியில் வைத்து, பக்கத்தில் மோட்டார், இரண்டுக்கும் மேல் ஒயர், அதற்கும் மேல் ரேடியோ என்று அடுக்கிக்கொண்டு போயிருந்தது. ஒரு மணலை எடுக்க எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும். சரிப்படாது என்று தகர டப்பாவை வெட்டி ஒரு தட்டு செய்தான். ரேடியோவும் ஒயரும் அந்தத் தட்டில் ஏறும். தட்டை அப்படியே தூக்கினால் அடியில் பல்சக்கரம் தெரியும்.

அடுத்தது பசை. ஒரே ஒரு குழாய்தான் வந்திருந்தது, அதுவும் பாதி கெட்டிப்பட்டு. மெட்ராஸில்கூட அந்தப் பசை கிடைக்காது. திறந்துவிட்டால் காற்றுப் பட்டுக் காய்ந்துபோகும். ஆகவே ஸ்க்ரூ முடுக்கிச் செய்கிற வேலை அத்தனையும் முதலில். சக்கரம் சுற்றுகிறதா, செயின் நழுவுகிறதா, திரும்பச் சொன்னால் திரும்புகிறதா என்று மூடி போடாமலே ஓட்டிப் பார்ப்பது அடுத்து. பசை வேலை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரே இருப்பில். இப்படி மனதுக்குள்ளேயே அந்த டாங்கியை எத்தனை தடவை பூட்டினான், எத்தனை தடவை பிரித்தான் என்று அவனுக்கே தெரியாது. கையால் இன்னும் ஒரு துண்டைக்கூட அறுக்கவில்லை. ரோஷன் பீவி ஓலைச் சாமான் வாங்குகிற பெண்கள் சொசைட்டிக்காகப் பின்னி வைத்திருந்த மூடி போட்ட பனையோலைப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், சக்கரத்துக்கு ஒன்று, செயினுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று அறை முழுக்க உட்கார்ந்தன.

"ஒண்ணைச் செய்ய என் கையெல்லாம் கிழியுது. நீங்க பாட்டுக்கு எடுத்துக்கினே போறீங்களே" என்று கத்தினாள். ஆனால் தானே ஒரு பெட்டியைக் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தாள்.

அவள்தான் ஒருநாள் ஓலை கிழித்துக்கொண்டே சொன்னாள்.

"கொத்தனார் முனியன் நெனப்பு இருக்குதா?"

இல்லாமல் என்ன? மரைக்காயர் வீட்டு மொட்டைமாடி முனியன் கட்டியது. கட்டுகிற வரைக்கும் முனியனுக்கு மரைக்காயர் வீட்டில் சாப்பாடு, முனியன் மகனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை என்று வாக்கு. மாடி முடிந்த மறுவாரம் முனியன் போய் வாசலில் நின்றபோது மரைக்காயர், "யாருப்பா நீ, இன்னா வோணும்?" என்று கேட்டார். நடிப்பு இல்லை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தார். வேலை முடிந்தால் ஆளும் முடிந்துபோகிற அமைப்பு அவர் தலைக்குள்.

"டாங்கி ஓடற வரைக்கும்தான் நீங்க அமீரு. ஓடினப்புறம் நீங்க யாரோ" என்றாள் ரோஷன் பீவி. சொல்லிவிட்டு அவள் ஓலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அங்கேதான் அவனுக்குப் புத்தி கோணிற்று. அதுவரை நியாயமாக ஓடிய கணக்கு தலைகீழாகத் திரும்பியது. டாங்கியின் அடிப்பாகமான தொட்டிக்கு மேல் மூடி உட்காரும். அதை நாலு ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஸ்க்ரூத் தலை வெளியே தெரியும்படிதான் ஜப்பான்காரன் விட்டிருந்தான், எவனும் திறக்கலாம் என்று. டாங்கியின் முதுகில் ஒட்டுவதற்குச் சின்னச் சின்னச் சாமான் பெட்டிகள் இருந்தன. தாளில் அவற்றுக்கு வேறு இடம். அந்த நாலு பெட்டியையும் கொஞ்சம் நகர்த்தி நாலு ஸ்க்ரூவின் தலை மேல் உட்கார்த்திவிட்டால்? பார்க்கிறவனுக்கு மூடியும் தொட்டியும் ஒரே வார்ப்பு. எங்கே திறப்பது என்று தெரியாது. மணல் உள்ளே போகும், டாங்கி நிற்கும், மரைக்காயர் ஆள் அனுப்புவார். அவன் இல்லாமல் முடியாது. முனியனுக்கு நடந்தது அவனுக்கு நடக்காது. விசா கையில் வந்து சேருகிற வரைக்கும் அவரை இந்த நாலு பெட்டியால் கட்டிப்போட்டு வைக்கலாம்.

யோசித்த அன்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய ராஜதந்திரி! மற்றவன் கழற்றமுடியாதபடி பூட்டுகிறவனை வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தவன், தானே அப்படிப் பூட்டத் துணிந்தான்.

அந்த நாலு பெட்டிக்கும் பசை போடக் கூடாது, போட்டால் அவனாலும் திறக்கமுடியாது. குப்பத்தில் படகு கட்டுகிற ஆசாரி அங்கமுத்துவிடம் போய்க் கொஞ்சம் குங்கிலியம் வாங்கிவந்தான். குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்கில் பூசுவார்கள். ஆறினால் கல் மாதிரி பிடிக்கும், சூடு காட்டினால் இளகும். மெல்லிய கத்தியை அனலில் காட்டி அடியில் விட்டால் பெட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிடும், வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்து அழுத்தினால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அறைக்குள் படகின் வாடை அடித்தது. "இன்னாத்துக்கு இது?" என்றாள் ரோஷன் பீவி. "தண்ணி பூராம இருக்க" என்றான்.

டாங்கியைக் கொண்டுபோய் மரைக்காயர் முன்னால் வைத்து, "இது நுணுக்கமான மெஷின் மொதலாளி. வேற கை பட்டா போச்சு. இன்னா ஆனாலும் என்னியத்தான் கூப்பிடணும்" என்று சொன்னான். இதை அவன் நாலு பேர் காதுபடச் சொன்னான். மரைக்காயர் பயபக்தியோடு தலையாட்டினார்.

கல்யாணத்தன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை தெருமுனையில் வந்து இறங்கினார். எதிரே டாங்கி போயிற்று. முழங்கைக்கு மேல் நீளம், பச்சை நிறம், பீரங்கிக் குழலில் ரோஜா மாலை. மரைக்காயர் பட்டுச் சட்டையோடு, நெஞ்சில் டாங்கியை ஓட்டுகிற பெட்டியை மாட்டிக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி ஓட்டினார். அமீர் ஜான் குனிந்த முதுகோடு பக்கத்திலேயே நடந்தான். மணலில் செயின் சரசரவென்று போனது. ஒரு மேட்டில் ஏறிச் சற்றே தள்ளாடியது. அமீர் ஜானுக்கு உயிர் போய் வந்தது. அது இறங்கி, நேராகப் போய், மாப்பிள்ளையின் காலடியில் நின்றது. மாப்பிள்ளை குனிந்து பீரங்கியிலிருந்து மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டதும் தெருவே கை தட்டியது. குப்பத்திலிருந்து வந்திருந்த பெண்கள் வாயில் கை வைத்துச் சிரித்தார்கள். ரோஷன் பீவி பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்து அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

மரைக்காயர் எல்லார் முன்னிலையிலும் அமீர் ஜானின் தோளில் கை போட்டார்.

"இந்தா பாருங்க, இதைப் பூட்டினவன் இவன்தான். இவனைத் தவிர ஒருத்தனுக்கும் இதைத் தொறக்கத் தெரியாது. இவனை நான் எங்கியாச்சும் விடுவேனா?"

எல்லாரும் சிரித்தார்கள். அமீர் ஜானும் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அவனுக்கு உறைத்துவிட்டது.

விசா வந்தபோது மரைக்காயர் அவனைக் கூப்பிடவில்லை. அவனாகவே கேள்விப்பட்டுப் போய் நின்றான்.

"மொதலாளி, விசா வந்துகீதுன்னு சொன்னாங்க."

"வந்துகீது. ஆனா நீ எப்பிட்றா போவ? நீ போய்ட்டா இதுக்கு நான் யாரைத் தேடறது?" மரைக்காயர் பீரோ மேல் இருந்த டாங்கியைக் காட்டினார். கேலி இல்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டார். "நேத்து வலப்பக்கம் திரும்பச் சொன்னா நின்னு போவுது. நீயே வந்து பாரு."

"யாருக்காச்சும் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன் மொதலாளி."

"யாருக்கு? டிரைவர் கண்ணப்பனுக்கா? அவன் கார் கதவையே ஒழுங்கா சாத்தமாட்டான். வேற கை பட்டா போச்சுன்னு நீதானடா சொன்ன? பேசாம இரு. அடுத்த வருஷம் பாக்கலாம். நான் இன்னா அநியாயக்காரனா? உன் வீட்டு ஆளு ஒருத்தன் பேரைச் சொல்லு, இந்த விசாவை அவனுக்குத் தர்றேன். உன் முகத்துக்காகத்தான்."

சொல்லியிருக்கலாம். "இதுல ஒண்ணுமே இல்ல மொதலாளி, அந்தப் பெட்டிக்கு அடியில நாலு ஸ்க்ரூ, கண்ணப்பனே திருகுவான்" என்று ஒரே மூச்சில் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால், ஏன்டா மறைத்தாய் என்று கேட்பார். என்னைக் கட்டிப்போடப் பார்த்தாயா என்று கேட்பார். ஊர் சிரிக்கும், விசாவும் போகும். மானம் போகுமே என்று பேசாமல் இருந்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயந்தாங்கொள்ளித்தனம் என்று நான் சொல்லுவேன்.

விசா ரோஷன் பீவியின் தம்பி பஷீருக்குப் போயிற்று. பஷீர் மீஞ்சூர் ரயிலடியில் டீ குடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவன். மரை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று கேட்டால் இரண்டு பக்கமும் திருகிப் பார்ப்பான். அவன் மெக்கானிக் ஹெல்ப்பராகப் போனான். போகிற அன்று அமீர் ஜானின் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், அடுத்தது நீங்கதான்" என்றான். ரோஷன் பீவிக்குத் தம்பி போகிறான் என்று மகிழ்வதா, புருஷன் நிற்கிறான் என்று அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

அடுத்த வருஷம் மரைக்காயர் அடுத்த வருஷம் என்றார். அதற்கடுத்த வருஷம் பெருநாளைக்கு மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், டாங்கியைக் காட்டவேண்டும், இப்போது போகாதே என்றார். டாங்கி நின்றால் ஆள் வரும். அமீர் ஜான் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவருவான், கதவைச் சாத்திக்கொள்வான், கத்தியை அனலில் காட்டுவான். மணலை ஊதுவான். பெட்டிகளைத் திரும்ப வைத்து அழுத்துவான். பூட்டுகிறவனும் அவன்தான், பூட்டுக்கு உள்ளே இருப்பவனும் அவன்தான். கொண்டுபோய்க் கொடுத்தால் மரைக்காயர், "அமீரு, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா" என்பார். ஒரு டீ வரும். காப்பு வந்ததில்லை.

பஷீர் வீடு கட்டினான். தளம் போட்ட வீடு, தனிச் சமையலறை, கேஸ் அடுப்பு. வீடு குடிபோன அன்று ரோஷன் பீவி அந்தச் சமையலறையில் நின்று தீயைப் பெரிதாக்கிச் சின்னதாக்கி, பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பஷீரின் மனைவி சுராயா வந்து, "கேஸ் தீந்துடும் மைனி" என்று அணைத்துவிட்டாள். அன்று வீடு திரும்பிய ரோஷன் பீவி அண்ணியின் "ம்" வருகிற வரை அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்படியே எண்பத்தேழாம் வருஷம் வந்தது. கத்திரி வெயில். ஏரி வற்றிப்போய் ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. அமீர் ஜான் ஒரு பம்புசெட் வேலையாக எளாவூர் போயிருந்தான். அன்று மரைக்காயரின் மாப்பிள்ளை வந்திருந்தார். மாடியில் ஓட்டிக் காட்டலாம் என்று டாங்கியை எடுத்துப் போனவர்கள், சாப்பாடு ஆயிற்று என்று கீழே கூப்பிட்டதும் அதை முனியன் கட்டிய தளத்திலேயே வெயிலில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். பிரியாணி, அதன் பிறகு தூக்கம். படகுக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான், கோடையில் குங்கிலியம் நிற்காது. அதனால்தான் வருஷா வருஷம் படகுக்குத் திரும்பப் பூசுகிறார்கள். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த அமீர் ஜானுக்கும் அது தெரியும். வீட்டுக்குள் பீரோ மேல் இருக்கிற சாமானுக்கு வெயில் எங்கே வரப்போகிறது என்று நினைத்துவிட்டான்.

மாலையில் மாடிக்குப் போன டிரைவர் கண்ணப்பன் பார்த்தபோது நாலு பெட்டியும் தாமாகவே நழுவிக் கீழே கிடந்தன. அவை இருந்த இடத்தில், பழுப்பாக உருகிய பிசினுக்கு நடுவே, நாலு ஸ்க்ரூ பளபளத்தன. கண்ணப்பன் கார் டூல்ஸிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தான். திருகினான். மூடி வந்தது. தட்டைத் தூக்கினான், அது தூக்குவதற்கு வசதியாகத்தான் செய்யப்பட்டிருந்தது. மணலை ஊதினான். மூடினான். டாங்கி ஓடியது.

அடுத்த நாள் அமீர் ஜான் போனபோது மரைக்காயர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டிகள் நழுவிய கதையைக் கூப்பிட வந்த கண்ணப்பன் வழியில் சொல்லியிருந்தான். செருப்படி வாங்கவும் மனதைத் தயார் செய்துகொண்டுதான் போனான். மரைக்காயர் அவனைப் பார்த்ததும் சிரித்தார். தொந்தி குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஏண்டா அமீரு, நாலே நாலு ஸ்க்ரூ! இதுக்காடா உன்னை இத்தினி வருஷம் புடிச்சி வச்சிருந்தேன்? அட கிறுக்கா, அன்னிக்கே சொல்லியிருந்தா மொத விசாவுலயே உன்னை அனுப்பியிருப்பேனே."

திட்டியிருந்தால் அமீர் ஜான் தாங்கியிருப்பான்.

"இப்ப அனுப்புங்க மொதலாளி" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான்.

மரைக்காயர் சிரிப்பை நிறுத்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். பல வருஷங்களாக அவர் அவனைப் பார்த்ததே இல்லை போலிருந்தது. காதோரத்து நரையைப் பார்த்தார், முன் பல் விழுந்த இடத்தைப் பார்த்தார்.

"வயசு இன்னா ஆவுது உனக்கு?"

"நாப்பத்தி மூணு."

"அடடா" என்றார். அந்த "அடடா" பொய்யில்லை, மெய்யாகவே வருத்தப்பட்டார். "அங்க இப்ப முப்பத்தஞ்சுக்கு மேல வாணாம்னு எழுதிட்டாங்கப்பா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றவர் உள்ளே திரும்பி, "கண்ணப்பா, அமீருக்கு ஒரு டீ சொல்லு" என்று குரல் கொடுத்தார்.

அவன் டீ வருகிற வரைக்கும் நின்றான். வந்ததும் வாங்கிக் குடித்தான். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

வீட்டில் ரோஷன் பீவி ஓலையை நனைத்துக்கொண்டிருந்தாள். கையில் துண்டு சுற்றிய டாங்கி இல்லாமல் அவன் வெறுங்கையோடு வருவதைப் பார்த்து எழுந்தாள்.

"இன்னாங்க, மெஷின் கொண்டாரலியா?"

"இனிமே அதுக்கு என்னியக் கூப்பிட மாட்டாங்க. கண்ணப்பனே பாத்துக்குவானாம்."

அவள் முகம் மலர்ந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் கல்யாணத்து நாளின் களை வந்தது. "அப்ப உங்களைப் போவச் சொல்லிட்டாரா? விசா குடுக்கறேன்னாரா?" என்று அவன் கையைப் பிடித்தாள்.

"வயசாயிடுச்சாம்" என்றான்.

கையை விட்டாள். பிறகு வாசலுக்கு வந்து, மரைக்காயர் வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவே கேட்க ஆரம்பித்தாள். "நல்லா இருப்பியாடா நீ? போறவனைப் போவ வுடாம கட்டிப் போட்டியே, உன் கை வெளங்குமா? எங்க வாழ்க்கையை மூடி வச்சியே, உன்னை எந்த மண்ணு மூடும்? அல்லா கேப்பான்டா உன்னை!" அண்ணி எட்டிப் பார்த்தாள், முகைதீன் வந்து பேசாமல் திரும்பிப் போனார், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் நிறுத்தவில்லை. மனதில் இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மரைக்காயரின் தலையில் கொட்டினாள்.

அமீர் ஜான் உள்ளே, கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒருமுறை எழுந்தான். வாசல் வரை போய், அவள் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சேரவேண்டிய ஆளின் காதில்தான் விழுந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது, அவன் சொல்லவுமில்லை.